மூன்றெழுத்தும் ஒரு டப்பா சர்க்கரையும்

ஹைதராபாத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் நண்பர்கள் உடனே பிரியாணியா, சார்மினாரா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. இந்த முறை பேதி. முகம் சுளிக்காமல் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அந்த ஊர்க் குழந்தை மருத்துவர் ஒருவர் எட்டு வருடம் மல்லுக்கட்டிய கதை இது. அதற்குள் ஒரு நூறு வருடச் சர்க்கரைச் சரித்திரமும் ஒளிந்துகொண்டிருக்கிறது.

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். ஹைதராபாத்தில் ஆறு வருடம் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் குப்பை கொட்டினேன். இப்போது நியூ ஜெர்சியில் அதே குப்பை, வேறு கூடை. லேபிள் படிப்பதுதான் பிழைப்பு. மாத்திரை அட்டையில் ஒரு கமா இடம் மாறினாலும் பத்துப் பேர் கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் அச்சுக்குப் போக வேண்டும். அதனால் மளிகைக் கடையில் நின்றாலும் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கிற வியாதி ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் திட்டு விழும். (நான் வேலை பார்த்த கம்பெனி எதுவும் இந்தக் கதையில் வராது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2025 அக்டோபர் 14ஆம் தேதி, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உணவு என்று உரிமம் வாங்கி விற்கிற எந்தப் பானத்தின் பெயரிலும், முன்னாலோ பின்னாலோ நடுவிலோ, 'ஓ.ஆர்.எஸ்.' என்ற மூன்றெழுத்து வரக் கூடாது. உத்தரவு வந்ததும் ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் கண்ணீரோடு பேசிய வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. வாட்ஸ்அப்பில் எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். மூன்றெழுத்துக்கு ஏன் ஒருவர் அழ வேண்டும்? அதைப் புரிந்துகொள்ள அந்த மூன்றெழுத்து எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். என்பது உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். அவ்வளவுதானா என்றால், அவ்வளவுதான். ஆனால் இந்த 'அவ்வளவுதான்' பிடிபட ரொம்ப காலம் ஆயிற்று. காலரா வந்தவனுக்கு வெறும் தண்ணீர் கொடுத்தால் அது அப்படியே வெளியே போய்விடும். உப்புத் தண்ணீர் கொடுத்தாலும் கிட்டத்தட்ட அதே கதிதான். நரம்பில் சலைன் ஏற்ற வேண்டும். அதற்கு ஊசி, பாட்டில், நர்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டும். நம் கிராமங்களில் காலராவை மாரியாத்தாளின் கோபம் என்று சொன்னவர்களைக் கிண்டல் செய்கிறோம். கையில் வேறு வழி இல்லாதபோது அவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற மருத்துவர் 1953லேயே உப்பும் குளுக்கோஸும் கலந்து வாய்வழியாகக் கொடுத்துக் காலரா நோயாளிகளைத் தேற்றி, அதை லான்செட் பத்திரிகையில் எழுதினார். யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் அப்போது கிடையாது. விளக்கம் 1960ல் வந்தது. ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர் பிராக் நகரத்தில் ஒரு கூட்டத்தில் அதைச் சொன்னார். (கிரேன் பிற்பாடு எங்கள் நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். இந்த ஊருக்கும் கொஞ்சம் பெருமை இருக்கட்டும் :-) )

அவர் சொன்னதை நம்ம பாஷையில் சொன்னால் இப்படி. குடல் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. உப்பு தனியாக வந்து தட்டினால் திறக்காது. குளுக்கோஸ் தனியாக வந்து தட்டினாலும் திறக்காது. இரண்டும் ஜோடியாக வந்தால் திறக்கும். ஜோடி உள்ளே போனதும் பின்னாலேயே தண்ணீரும் போகும். காலரா கிருமியின் நஞ்சு குடலில் என்னென்னவோ அட்டகாசம் செய்தாலும் இந்த ஒரு கதவை மட்டும் கெடுப்பதில்லை. ஆகவே ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை ருசிக்காகச் சேர்த்ததில்லை. தெம்புக்காகவும் இல்லை. உப்புக்குக் கதவு திறந்துவிடுகிற கூலியாள் அது. இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் சண்டை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

1960களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்த ஆராய்ச்சியாளர்கள் இதை ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தார்கள். பெரிய பரீட்சை 1971ல் வந்தது. வங்காளதேச யுத்தம். எல்லை தாண்டி லட்சக்கணக்கில் அகதிகள். பாங்காவ் என்ற எல்லை ஊரில் காலரா. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள், சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். குளுக்கோஸ் 22 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்று ஒரு லிட்டருக்கு அளந்து பொட்டலம் கட்டினார்கள். குழாய் வைத்த பீப்பாய்களில் கலந்து வைத்து, அம்மாக்களையும் அண்ணன் தம்பிகளையுமே எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். 30 சதவீதம் வரை போய்க்கொண்டிருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. மருத்துவம் படிக்காத உறவுக்காரர்கள் கையால் இது நடந்தது என்பதுதான் விஷயமே.

மஹலனாபிஸ் இதற்கு காப்புரிமை வாங்கவில்லை, கோடீஸ்வரராகவும் இல்லை. 2022 அக்டோபரில் காலமானார். மறு வருடம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். நம் நாட்டு வழக்கப்படி, ஆள் போன பிறகு.

உலக சுகாதார நிறுவனம் 1975லிருந்து இதை உலகம் முழுக்க எடுத்துப் போனது. அப்போதைய அளவில் லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ். 2002ல் அளவை மாற்றினார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். சர்க்கரையைக் கூட்டவில்லை, குறைத்தார்கள். 20 கிராம் 13.5 ஆனது. கூடவே உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம் தூள், ஒரு லிட்டர் தண்ணீர். சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல், 75 மில்லிமோல் என்று சரிக்குச் சரி. கரைசலின் அடர்த்தி 311லிருந்து 245க்கு இறங்கியது. இப்படி இறக்கியதில் குழந்தைகளுக்கு வாந்தி குறைந்தது, பேதியின் அளவு குறைந்தது, நரம்பில் சலைன் ஏற்ற வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆறரை கிராம் சர்க்கரையை எடுத்துவிட்டதில் இத்தனை லாபம்.

அப்படியானால் சர்க்கரையை ஏற்றினால் என்ன ஆகும்? இதற்கு விஞ்ஞானி வேண்டாம். பாட்டி நெல்லிக்காயைச் சர்க்கரையில் ஊறப்போட்டதைப் பார்த்திருப்பீர்கள். மறுநாள் காய் சுருங்கியிருக்கும், ஜாடியில் தண்ணீர் நிற்கும். காய்க்குள் இருந்த தண்ணீரைச் சர்க்கரை வெளியே இழுத்துவிட்டது. பேதி வந்த குழந்தையின் குடலுக்குள் அடர்த்தியான சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினாலும் அதே கதைதான். உடம்புக்குள் இருக்கிற கொஞ்ச நஞ்சத் தண்ணீரையும் அது குடலுக்குள் இழுக்கும். பேதி அதிகமாகும். குழந்தை துவண்டு போகும். 'ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கிட்டேதான் இருக்கோம் டாக்டர், இன்னும் நிக்கல' என்பார்கள் பெற்றோர்.

சிவரஞ்சனி இதைத்தான் தன் கிளினிக்கில் கவனித்தார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், கையில் இருப்பது அட்டை டப்பா. ஸ்ட்ரா ஒட்டிய, ஆப்பிள் படம், ஆரஞ்சுப் படம் போட்ட டப்பா. பெயரில் அந்த மூன்றெழுத்து இருக்கிறது. உள்ளே லிட்டருக்கு சுமார் 120 கிராம் சர்க்கரை இருக்கிற டப்பாக்களும் இருந்தன என்பதே அவர் திரும்பத் திரும்பக் காட்டிய கணக்கு. 13.5 எங்கே, 120 எங்கே. கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. சோடியமோ வேண்டியதைவிடக் குறைவு. கூலியாட்கள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கிறார்கள், கதவுக்குள் கூட்டிப் போக உப்பைத்தான் காணோம்.

இது எப்படிச் சட்டப்படி கடைக்கு வந்தது? இங்கேதான் என் மாதிரி லேபிள் ஆசாமிகளுக்கு ரத்தம் கொதிக்கும். நிஜமான ஓ.ஆர்.எஸ். இந்தியாவில் மருந்து. மருந்துச் சட்டத்தின் கீழ் உரிமம், அளவு கட்டாயம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக்கும் கடிவாளம் உண்டு. அட்டை டப்பா பானமோ உணவு. 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பழச்சாறு பானம் மாதிரி ஒரு பிரிவில் உரிமம் வாங்கினால் போதும். விலைக்குக் கடிவாளம் இல்லை, டி.வி.யில் விளம்பரமும் போடலாம். ஆனால் அதை எங்கே விற்கிறார்கள்? மெடிக்கல் ஷாப்பில். பாராசிட்டமால் சிரப்புக்குப் பக்கத்து அலமாரியில். உரிமத்தில் உணவு, அலமாரியில் மருந்து, நாக்கில் ஜூஸ். மூன்று வேஷம், ஒரே நடிகர்.

சில வருடங்களுக்கு முன் விடுமுறையில் ஹைதராபாத் போயிருந்தபோது, வெயிலில் தலை சுற்றுகிறது என்று அமீர்பேட்டையில் ஒரு கடையில் கேட்டேன், 'அன்னா, ஓ.ஆர்.எஸ். உந்தா?' பதில் உடனே வந்தது, 'உந்தி சார். ஆப்பிளா, ஆரஞ்சா?' தூள் பாக்கெட் இருக்கிறதா என்று கேட்டதற்குக் கீழே குனிந்து ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். (தூளிலும் ஆரஞ்சு வாசனை உண்டு. வாசனையில் குற்றமில்லை.) கண்ணுக்கு நேராக ஜூஸ், காலுக்குக் கீழே மருந்து. கடைக்காரரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. எது ஓடுகிறதோ அதைத்தான் முன்னால் வைப்பார்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. வேடிக்கை என்று சொல்லலாமா தெரியவில்லை. இந்தியா என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதே ஹைதராபாத்தில், தார்நாக்காவில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டித்தான் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு என்.ஐ.என். பஸ் ஜன்னல் வழியாகப் பல தடவை அந்த போர்டைப் பார்த்திருக்கிறேன். அது நம்ம ஊர்ப் பிள்ளை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. 1918ல் குன்னூரில், பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் ஆரம்பித்த பெரிபெரி ஆராய்ச்சிதான் அதன் வேர். 1958ல் மூட்டை கட்டிக்கொண்டு ஹைதராபாத் போனது. அடியேன் மாதிரியே பிழைப்புக்கு வடக்கே போன தமிழ்நாட்டு ஆசாமி!

மெக்காரிசன் செய்த எலிச் சோதனை பிரசித்தம். இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலி கொழுகொழு. மதராஸி சாப்பாடு சாப்பிட்டது கடைசி இடம். (நாம்தான். தீட்டிய வெள்ளை அரிசி.) இன்னொரு கூட்டத்துக்கு ஏழை ஆங்கிலேயன் சாப்பாடு: வெள்ளை பிரெட், மார்கரின், சர்க்கரை போட்ட டீ, வெந்து குழைந்த காய், டின் இறைச்சி, மலிவு ஜாம். அந்த எலிகள் வளராமல் போனதோடு நிற்கவில்லை, கொஞ்ச நாளில் ஒன்றையொன்று கடித்துத் தின்ன ஆரம்பித்தன. பதப்படுத்திய மாவையும் சர்க்கரையையும் பற்றி இன்று நாம் கூச்சல் போடுவதை, குன்னூரில் ஒரு எலிக்கூண்டு எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டது.

அவருக்குப் பிறகு 1935ல் குன்னூருக்கு வந்த ஆக்ராய்டு இன்னும் சுவாரசியமானவர். இந்திய உணவுகளில் என்னென்ன சத்து என்று முதல் அட்டவணை போட்டவர். வங்காளப் பஞ்ச விசாரணைக் கமிஷனில் உறுப்பினராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு 1967ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார், சர்க்கரையின் சரித்திரம். தலைப்பிலேயே சர்க்கரையை இனிப்பான குற்றவாளி என்கிற அர்த்தத்தில் அழைத்தார். அடிமை வியாபாரமும் கரும்புத் தோட்டமும் எப்படிக் கைகோத்து வளர்ந்தன என்பது அதன் கதை. நம்மவர்களையும் மொரிஷியஸ், ஃபிஜி, நேட்டால் என்று கப்பலேற்றியது அதே கரும்புதானே. புலம்பெயர்ந்தவன் என்று நான் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம், கம்பெனி டிக்கெட்டில் விமானத்தில் வந்தவன் அந்த வார்த்தையை உபயோகிப்பது கொஞ்சம் ஓவர் என்று தோன்றும்.

போகட்டும். அந்த என்.ஐ.என். 2024 மே மாதம் புதிய உணவு வழிகாட்டிகளை வெளியிட்டது. மொத்தம் 17. ஒருவர் சாப்பிடுகிற மொத்த சக்தியில் 5 சதவீதத்துக்குள் சர்க்கரை இருக்க வேண்டும், அதாவது நாளைக்கு 20 முதல் 25 கிராம். லேபிளை நம்பி ஏமாறாதீர்கள் என்றும் தனியாக எச்சரித்தார்கள். பத்து சதவீதமோ அதற்குக் குறைவாகவோ பழம் இருந்தாலும் நிஜப் பழம் என்று போட்டுக்கொள்ளலாம், 'சுகர் ஃப்ரீ' என்பதில் கொழுப்பும் மைதாவும் நிறைந்திருக்கலாம் என்றெல்லாம். இப்போது கணக்குப் போடுங்கள். லிட்டருக்கு 120 கிராம் என்றால் 200 மில்லி டப்பாவில் 24 கிராம். வளர்ந்த மனிதனுடைய ஒரு நாள் கோட்டா, ஒரு ஸ்ட்ராவில், பேதி வந்த குழந்தைக்கு.

சரி, சண்டைக்கு வருவோம். சிவரஞ்சனி முதலில் டாக்டர் நண்பர்களிடம் சொன்னார், பிறகு பெற்றோர்களிடம், பிறகு வீடியோ போட்டார், பிறகு தில்லிக்குக் கடிதம் மேல் கடிதம். 2022 ஏப்ரல் 8ஆம் தேதி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முதல் தடவை தடை போட்டது. ஜெயித்தாகிவிட்டது என்று நினைப்பதற்குள் மூன்றே மாதம், ஜூலை 14ஆம் தேதி இன்னொரு உத்தரவு. பதிவு செய்த வணிகப் பெயரின் பகுதியாக அந்த மூன்றெழுத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். அல்ல' என்று டப்பாவில் போட வேண்டும்.

அந்த வாசகத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெயர்ப் பலகையில் 'முனியாண்டி விலாஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, வாசற்படிக்குப் பக்கத்தில் 'இது சாப்பாட்டுக் கடை அல்ல' என்று எழுதி வைப்பது மாதிரி. ராத்திரி பதினோரு மணிக்கு, தோளில் துவண்ட குழந்தையோடு மெடிக்கல் ஷாப் வாசலில் நிற்கிற அப்பா எதைப் படிப்பார்? தெலுங்கோ உருதோ மட்டும் படிக்கத் தெரிந்த அம்மாவுக்கு அந்த ஆங்கில மூன்றெழுத்து ஒரு படம். அங்கன்வாடியிலும் அரசு ஆஸ்பத்திரியிலும் பல வருடமாகக் காட்டி மனதில் பதிய வைத்த படம். ஐம்பது வருடமாகப் பொதுப் பணத்திலும் பலருடைய உழைப்பிலும் வளர்ந்த நம்பிக்கை அது. அதை ஒரு பானத்துக்கு இனாமாக இரவல் கொடுத்தாயிற்று.

இந்தப் பின்வாங்கலுக்குப் பிறகு அவர் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் பொதுநல வழக்கோடு போனார். எதிர்த்து நின்ற பெயர்கள் சின்னவை அல்ல. சந்தையில் முன்னணியில் இருந்த ஓ.ஆர்.எஸ்.எல். பெங்களூர்க் கம்பெனி ஒன்று வளர்த்த பெயர். 2014ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் அதை விலைக்கு வாங்கியது, பிறகு அதிலிருந்து பிரிந்த கென்வியூ கைக்குப் போனது. இரண்டு கம்பெனிகளும் நான் இருக்கிற நியூ ஜெர்சிக்காரர்கள்தான். ஹைதராபாத்தின் சொந்தக் கம்பெனியான டாக்டர் ரெட்டீஸிடமும் ரீபேலன்ஸ் விட்டார்ஸ் என்ற பானம் இருந்தது. நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அனுமதித்த வாசகத்தைப் போட்டுத்தான் விற்றார்கள். அப்போதைய சட்டத்தை மீறவில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அவர்கள் மேல் இருப்பதைவிட, ஏப்ரலில் தடுத்து ஜூலையில் திறந்துவிட்ட ஆணையத்தின் மேல்தான் கோபம் அதிகம். கம்பெனி விற்கத்தான் பார்க்கும். காவல்காரனுக்கு வேறு வேலை.

2025 அக்டோபரில் ஆணையம் தன்னுடைய 2022 ஜூலை உத்தரவையும், அதைத் தொடர்ந்த 2024 பிப்ரவரி உத்தரவையும் சேர்த்து வாபஸ் வாங்கியது. அத்தோடு முடியவில்லை. மூன்றே நாளில், அக்டோபர் 17ல், ஓ.ஆர்.எஸ்.எல். கம்பெனி தில்லி உயர் நீதிமன்றத்தில் தற்காலிக நிவாரணம் வாங்கியது. அவர்கள் தரப்பைக் கேட்ட பிறகே அவர்கள் மேல் உத்தரவை அமல்படுத்த வேண்டும் என்று. இந்தப் பக்கம் மறுபடி கொந்தளிப்பு. டாக்டர் ரெட்டீஸும் கோர்ட்டுக்குப் போனது. புதிதாகத் தயாரிப்பதை நிறுத்திவிட்டோம், கையில் இருக்கிற சரக்கை மட்டும் விற்றுக்கொள்கிறோம் என்று கேட்டது. அக்டோபர் 31ல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பொது சுகாதாரம் என்று வரும்போது தேங்கிய சரக்கின் நஷ்டம் இரண்டாம் பட்சம். நவம்பரில் மாநிலங்களுக்குக் கடைகளில் இருப்பதை அகற்றச் சொல்லி ஆணையம் எழுதியது.

ஒரே டாக்டர், எட்டு வருடம். நடுவில் எத்தனை பேர் 'உனக்கெதுக்கும்மா இந்த வேலை' என்று கேட்டிருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

இந்தத் தடை சர்க்கரையைத் தடுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பெயரைத்தான் தடுத்தது. அதே பானத்தை வேறு பெயரில், எலக்ட்ரோலைட் பானம் என்று விற்க எந்தத் தடையும் இல்லை. 2024 ஏப்ரலில் போர்ன்விட்டா மாதிரியான பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன் கடைகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் எழுதியதும் இதே வகைதான். பலகை மாறும், பண்டம் மாறாது. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, சென்னை மோகன் டாக்டரின் குழு நடத்தியது, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் என்றது. பலகையோடு நிறுத்திக்கொள்கிற நேரமா இது?

சர்க்கரைக்குப் பதில் வேறு இனிப்பு போட்டால்? அந்தக் கதையும் நீளமானது. சாக்ரின் 1879ல் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பரிசோதனைச் சாலையில், தார் ஆராய்ச்சியின் நடுவே ஃபால்பர்க் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. நம்ம ஊரில் 'சாக்ரின் ஐஸ் திங்காதே, தொண்டை கட்டும்' என்று திட்டு வாங்காத பிள்ளை இல்லை. அமெரிக்காவில் 1977ல் எலிக்குப் புற்றுநோய் என்று தடை செய்யப் போய், மக்கள் எதிர்க்க, எச்சரிக்கை வாசகத்தோடு விட்டார்கள். 2000ல் வாசகத்தையும் எடுத்துவிட்டார்கள். 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்த இந்த மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்றது. ஜூலையில் அஸ்பார்டேமை 'புற்றுநோய் உண்டாக்கலாம்' பட்டியலில் ஒரு பிரிவு சேர்த்தது, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பு அப்படியே நீடிக்கலாம் என்று இன்னொரு பிரிவு சொன்னது. சாமானியன் தலையைச் சொறிவதைத் தவிர என்ன செய்வான். எப்படியும் பேதிக்கு இது உதவாது. இனிப்பு இருக்கும், குளுக்கோஸ் இருக்காது. கதவு திறக்காது.

நல்ல செய்தியும் உண்டு. பேதி வந்த குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தவர்கள் 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 50.6 சதவீதம், 2019-21ல் 60.6 சதவீதம். அப்படியும் பத்தில் நாலு குழந்தைக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று கர்நாடகத்திலும் பீகாரிலும் ஆராய்ந்து 2024ல் சயின்ஸ் பத்திரிகையில் எழுதினார்கள். டாக்டர்களுக்கு ஓ.ஆர்.எஸ். நல்லது என்று நன்றாகவே தெரியும். ஆனால் வந்தவர்கள் ஊசியோ ஆன்டிபயாட்டிக்கோதான் எதிர்பார்க்கிறார்கள், தூள் பாக்கெட் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள். வந்தவர்களோ ஓ.ஆர்.எஸ். கொடுத்தாலும் சந்தோஷமாகவே வாங்கிக்கொள்ளக்கூடியவர்கள். ஒருவர் மனதை ஒருவர் தப்பாகக் கணித்து, நடுவில் குழந்தைக்கு வேண்டாத ஆன்டிபயாட்டிக்.

டப்பாவுக்கு ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். தூளைக் கலக்கத் தெரிய வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை 'குழந்தைதானே, எதற்கு இவ்வளவு' என்று ஒரு டம்ளரில் கால்வாசி, அரைவாசி என்று குத்துமதிப்பாகத் தட்டிக் கலப்பவர்கள் நிறைய. அதில் உப்பு ஏறிப்போய் வேறு ஆபத்து வரும். டப்பாவில் அந்தத் தொல்லை இல்லை, ஸ்ட்ரா போட்டால் போதும். சரியான அளவில், மருந்து உரிமத்தோடு, கலந்து தயாராக வருகிற ஓ.ஆர்.எஸ். டப்பாக்களும் உண்டு. அதில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, சோடியம் 75, குளுக்கோஸ் 75 என்று இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். 200 மில்லிக்கான சின்னத் தூள் பாக்கெட்டுகளும் வருகின்றன, டம்ளர் பழக்கக்காரர்களுக்கு அதுதான் வசதி. எதுவும் கிடைக்காத ராத்திரியில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குவித்து எடுக்கக் கூடாது, கத்தியால் தலையைத் தட்டிவிட வேண்டும். கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. குழந்தை குடிக்கவே மறுத்தாலோ, துவண்டுபோய்த் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, கண் குழி விழுந்தாலோ நேராக ஆஸ்பத்திரிக்கு. கலந்தது 24 மணி நேரத்தில் தீராவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.